கடலுக்குப் போனவனும் கரையை நடத்தியவளும்

யாழ்ப்பாணத்துப் பெண்ணை அடுப்படியிலிருந்து வெளியே கொண்டுவந்தது போரும் வெளிநாட்டுக் காசும்தான் என்று ஒரு கதை ஊரெல்லாம் உண்டு. தோட்டக் கிராமங்களுக்கும் உத்தியோகக் குடும்பங்களுக்கும் அது ஓரளவு பொருந்தலாம். குருநகருக்குப் பொருந்தாது. வயதானவர்கள் இன்னும் கரையூர் என்றே சொல்லும் அந்தக் கடற்கரையில், பெண் எப்போது உள்ளே இருந்தாள், வெளியே வருவதற்கு?

அந்தக் காலத்தில் சாமத்தில் தொழிலுக்குப் போனவன் விடியப்புறம் வந்து மீனை இறக்கிவிட்டுப் படுத்தானென்றால் அவனுடைய நாள் முடிந்தது. அவளுடையது அப்போதுதான் தொடங்கும். ஏலம் கூறுகிற இடத்தில் நின்று விலை பார்ப்பாள். கறிக்கு எடுத்தது போக மிஞ்சிய சில்லறை மீனைக் கடகத்தில் அள்ளிக்கொண்டு பட்டணத்துச் சந்தைக்கு நடப்பாள். சம்மாட்டியாரிடம் வாங்கிய முற்பணத்தில் எவ்வளவு கழிந்தது, சீட்டு எத்தனையாம் மாதம், எந்தக் காப்பு எந்தக் கடையில் அடகு கிடக்கிறது, எல்லாம் அவள் தலைக்குள் இருக்கும். காற்று மாறித் தொழில் படுத்துவிட்டால் கருவாட்டை விற்றோ கைமாற்று வாங்கியோ உலை வைக்கிறவளும் அவள்தான். கடன் கேட்டு வாசலுக்கு வந்தவனிடம் ஆண்கள் சொல்லும் பதில் ஒன்றே ஒன்று: “மனிசியைக் கேளுங்கோ.”

இதை வைத்துக்கொண்டு கரையூரில் பெண்ணாட்சி நடந்ததாக யாரும் எழுதிவிடக் கூடாது. வலை பொத்துவாள், ஆனால் வலை அவள் பேரில் இராது. வள்ளத்தில் ஏறமாட்டாள். சங்கத்தில் அங்கத்தவன் ஆண். கோயில் பெருநாளை எப்படி நடத்துவதென்று கூடிப் பேசுகிறவர்களும் ஆண்கள். பின்னேரம் தவறணைக்குப் போய்வந்தவன் கைநீட்டினால் அயல்வீட்டுக்காரி ஓடிவந்து விலக்குப் பிடிப்பாள், அதற்கு மேல் கேட்க நாதியில்லை. காசு அவள் மடியில், சபையில் பேச்சு அவன் வாயில். இந்த ஏற்பாடு பெரிய பிசகில்லாமல் ஓடியதற்குக் காரணம் அவன் போன தூரம் குறைவு என்பதே. ஒரு ராத்திரி, மிஞ்சினால் சில நாள். விடிந்தால் வந்துவிடுவான்.

அவன் விடிந்தும் வராத தூரத்துக்குப் போனபோதுதான் கணக்குப் பிசகியது.

முதலில் அவ்வளவு தூரம் போனவர்களில் ஒருவரும் குருநகரார்தான். அன்ரனி இராஜேந்திரம் 1956இல் நோர்வேக்குப் போய்ச் சேர்ந்தார். அந்நாட்டின் முதல் தமிழர் என்று அவரைத்தான் சொல்வார்கள். அவரும் ஆர்னே ஃபியோர்தொஃப்ட் என்ற நோர்வேக்காரரும் சேர்ந்து முயன்றதில் 1967இல் காரைநகரில் உருவானது சீநோர் திட்டம். படகு கட்டும் தளம் அங்கே, வலைத் தொழிற்சாலை குருநகரில். அந்தத் தொழிற்சாலையை இங்கே சொல்லக் காரணம் உண்டு. குமர்ப்பிள்ளைகள் காலையில் வேலைக்குப் போய் மாத முடிவில் தங்கள் பேர் எழுதிய சம்பள உறையோடு வருவதைப் பல வீடுகள் முதலில் கண்டது அதில்தான். தாய் வித்த மீனின் காசு வீட்டுக்காசு, யாரும் அதைச் சம்பளம் என்று சொன்னதில்லை. மகள் கொண்டுவந்தது சம்பளம். இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசத்தை அந்த வீடுகளில் உரக்கப் பேசியிருக்க மாட்டார்கள், உணர்ந்திருப்பார்கள்.

சீநோர் வழியாக ஏற்பட்ட பழக்கத்தில் எழுபதுகளில் சில இளைஞர்கள் நோர்வேயின் மக்கள் உயர்பள்ளிகளுக்கு ஒரு வருடப் படிப்புக்கென்று போனார்கள். 1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு அந்த ஒற்றையடிப் பாதை ரோட்டாகியது.

குருநகரில் அந்த ரோட்டைத் திறந்தது பயம். அங்கேயே இராணுவ முகாம் இருந்தது. பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்றால் தேடிப் போவது தகப்பனில்லை, தாய். தகப்பன் போனால் அவனையும் இருத்திவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவாகி, பெண்கள் திரண்டு கச்சேரிக்கு ஊர்வலம் போனதற்குப் பின்னால் இருந்ததும் இதே கணக்குத்தான். 1986 யூன் 10ஆம் திகதி மண்டைதீவுக் கடலில் தொழிலுக்குப் போயிருந்த குருநகர்க்காரர் முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கடற்படையினர் வெட்டியும் சுட்டும் கொன்றனர். ஒரே நாளில் அத்தனை வீடுகளில் தலைவன் இல்லை. அதற்குப் பிறகு மகனைக் கடலுக்கு அனுப்புவதும் ஆபத்து, வீட்டில் வைத்திருப்பதும் ஆபத்து. மிச்சமிருந்தது ஏஜென்சிக்காரன்.

மகனை அனுப்பிவிடுவது என்று தீர்மானித்தது பெரும்பாலும் தாய்தான். ஆண்கள் வெளிநாடு போனதை அவர்களுடைய சாகசமாகவே கதைத்துப் பழகிவிட்டோம்: எந்தக் காட்டுக்குள்ளால் நடந்தார்கள், எந்த லொறியில் ஒளித்திருந்தார்கள் என்று. அந்த லொறிக்குக் காசு எங்கிருந்து வந்தது என்ற கதையை யாரும் சொல்வதில்லை. தங்கச்சியின் சீதனத்துக்கென்று சேர்த்த நகை விற்கப்பட்டது. தாயின் சீதன வீடு ஈடு வைக்கப்பட்டது. போனவன் முதலில் வட்டி கட்டினான், பிறகு ஈட்டை மீட்டான், பிறகு தங்கச்சிக்குச் சீதனம் சேர்த்தான். அந்தச் சீதனக் காசில் தங்கச்சியின் புருசன் தன் தம்பியை அனுப்பினான், அல்லது தன் தங்கச்சியைக் கரைசேர்த்தான். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பெண்ணின் நகை உருகியிருக்கிறது. குடும்பத்தின் மூலதனம் அவள் கழுத்தில் கிடந்தது, பயணம் போனது அவன்.

கேரளத்தில் வளைகுடாவுக்குப் போனவர்களின் மனைவியரைப் பற்றி லீலா குலாத்தி 1993இல் ஒரு நூல் எழுதினார். வங்கிக்குப் போகவும் கணக்கு வைக்கவும் தனியாகப் பயணம் செய்யவும் அந்தப் பெண்கள் பழகியதை அதில் காணலாம். குருநகர்ப் பெண்ணோடு ஒப்பிட்டால் ஒரு பெரிய வித்தியாசம் தெரியும். வளைகுடாவுக்குப் போன மலையாளி விடுமுறைக்கு ஊர் வருவான். அகதியாகப் போனவன் வரமுடியாது. விண்ணப்பம் தீர்ப்பாகும்வரை கடவுச்சீட்டு அவன் கையில் இல்லை, தீர்ப்பானாலும் எந்த நாட்டிலிருந்து தப்பினானோ அந்த நாட்டுக்குப் போக அனுமதியில்லை. இப்படி ஐந்து, ஏழு, பத்து வருடம் போயின. கடிதம் வரும், இடையிடையே குரல் பதிந்த கசற் ஒன்று யாராவது கொழும்பால் வருகிறவர் கையில் வரும். வீடே கூடியிருந்து அதைக் கேட்கும். மனைவிக்கென்று தனியாகச் சொல்ல அதில் அவனுக்கு இடமிருக்காது.

காசு வந்தது உண்டியலில். உண்டியல்காரன் சைக்கிளில் வந்து, திண்ணையில் இருந்து எண்ணிக் கொடுத்து, தன் கொப்பியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவான். யாருடைய கையெழுத்து? எண்பதுகளின் பின்பாதியிலும் தொண்ணூறுகளிலும் குருநகர் வீடுகளுக்குள் நடந்த பெரிய யுத்தம் அதுதான். அவன் தாயின் பேருக்கு அனுப்பினால் மருமகள் செலவுக்குக் கை நீட்டி நிற்க வேண்டும். மனைவியின் பேருக்கு அனுப்பினால் தாய் கோயில் வாசலில் நின்று ஊருக்குச் சொல்லுவாள், பெத்து வளர்த்தவளை மறந்துவிட்டான் என்று. முன்பு அவன் பிடித்த மீன் விற்ற காசு கேள்வியில்லாமல் மனைவியிடம் வந்தது, ஏனென்றால் அதை விற்றவளே அவள்தான். இப்போது வருகிற காசில் அவளுடைய உழைப்பு என்று காட்ட எதுவும் இல்லை. அதனால் வாங்கும் உரிமையையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டுக் காசு பெண்ணுக்குப் பலம் கொடுத்தது என்று பொதுவாகச் சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மீன்கடகம் சுமந்தவள் தன் கையால் சம்பாதித்தாள். உண்டியல் காசு வந்த வீட்டில் முதலில் நின்றது அந்தக் கடகம்தான். “மகன் வெளிநாட்டிலை, நீ ஏன் சந்தையிலை குந்தியிருக்கிறாய்?” மரியாதை என்ற பேரில் எத்தனையோ பெண்கள் வீட்டுக்குள் போனார்கள்.

அதன் நடுவே போர் ஓயவில்லை. 1993 நவம்பர் 13இல் குருநகர்ப் புனித யாகப்பர் ஆலயத்தின் மீது விமானம் குண்டு போட்டது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே பெயர்ந்தபோது குருநகரும் தென்மராட்சிக்கு நடந்தது. கிழவியையும் குழந்தையையும் பெட்டியையும் ஒரே சைக்கிளில் வைத்து உருட்டியது பெரும்பாலும் ஆண்துணை இல்லாத வீடுகளின் பெண்கள். அந்த லேடீஸ் சைக்கிளைப் பற்றி யாராவது தனியாக எழுத வேண்டும்.

நோர்வேக்குப் போனவர்கள் வேலைக்குப் போன இடம் பலருக்கு வடகோடியாக அமைந்தது. பின்மார்க் மாகாணத்தின் மீன்பிடி ஊர்களில், பொட்ஸ்ஃபியோர்ட், வார்டோ, ஹம்மர்ஃபெஸ்ட் போன்ற இடங்களில், மீன் பதனிடும் ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. உள்ளூர் இளையவர்கள் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள். தமிழ் இளைஞர்கள் அந்த இடத்தை நிரப்பினார்கள். சில வருடம் கழித்து மனைவிமார் போனார்கள். மாரியில் இரண்டு மாதம் சூரியன் முகம் காட்டாத ஊரில், நீல ஏப்ரனும் றப்பர்ச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, பட்டியில் ஓடிவரும் கொட் மீனின் சதையை வெட்டி, முள் தேடி, புழு எடுத்து, பெட்டியில் அடுக்கினார்கள். ஊரில் நிலத்தில் குந்தியிருந்து அரிவாளில் மீன் வெட்டியவளுக்கு அங்கே நின்றபடி கத்தியால் வெட்டுவதைப் பழக ஒரு கிழமை பிடித்திருக்கும். கை விறைத்தாலும் மீனின் முள் எங்கே ஓடுகிறது என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் நின்ற தமிழ்ப் பெண், ஊரில் மீன்காரியை வாசலோடு நிற்பாட்டி விலை பேசியவளாக இருக்கலாம். இருவருக்கும் ஒரே ஏப்ரன், ஒரே மணித்தியாலச் சம்பளம். வரிசையில் வேகமாக வெட்டுகிறவள் யார் என்பது மட்டும்தான் அங்கே கணக்கு.

அந்தச் சம்பளம் அவள் பேரில் இருந்த வங்கிக் கணக்குக்கு நேரே போனது. கரையூரில் மூன்று தலைமுறை மீன் வித்தும் கிடைக்காதது அது. புருசனும் மனைவியும் மாறிமாறி வேலை முறை செய்ததால் அவள் ஆலையில் நிற்கிற நேரத்தில் குழந்தைக்குச் சாப்பாடு தீத்த அவன்தான் இருந்தான். மாமியில்லை, மச்சாளில்லை, கூப்பிட அயலில்லை. குழந்தைப் பராமரிப்பு விடுமுறையில் தகப்பனுக்கென்றே ஒரு பங்கை 1993இல் நோர்வே ஒதுக்கியது. தாய்க்கு மாற்றிக் கொடுக்க முடியாத பங்கு அது, எடுக்காவிட்டால் போச்சு. காசைக் கைவிட மனமில்லாத தமிழ்த் தகப்பன்மார் அதை எடுத்தார்கள். கொள்கையால் வராத மாற்றம் சிக்கனத்தால் வந்தது என்று ஒஸ்லோவில் பகிடியாகச் சொல்லுவார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. பிள்ளையின் மூக்கைத் துடைத்தவன் எதற்காகத் துடைத்தான் என்று பிள்ளை கேட்பதில்லை.

எல்லாம் இனிப்பாக இருந்ததாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வடநோர்வேயில் ஒரு மீன்பிடிக் கிராமத்துத் தமிழரோடு பழகி ஆய்வு செய்த மானிடவியலாளர் அன்னே சிக்ஃபிரிட் குரோன்செத், அவர்கள் அடிக்கடி வைத்தியரிடம் போய் உடம்பு நோகிறது, தலை இடிக்கிறது என்று சொன்னதையும், வைத்தியருக்கு அதில் நோய் எதுவும் பிடிபடாததையும் எழுதியிருக்கிறார். ஆலையில் எட்டு மணித்தியாலம், வீட்டில் சோறு கறி, சனிக்கிழமை பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குவது. அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பேர் அன்னை பூபதி, 1988இல் மட்டக்களப்பில் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்ட தாயின் பேர். வேலையிடத்தில் நோர்வேப் பெண் மாதிரியும், மண்டபத்தில் யாழ்ப்பாணத்துப் பெண் மாதிரியும், பிள்ளைக்கு இரண்டுமாகவும் இருக்க வேண்டியிருந்தது. ஆண்களுக்கும் ஒரு வீழ்ச்சி இருந்தது. படித்தவன் கூட்டித் துடைத்தான், ஊரில் பேச்சுக்காரனாக இருந்தவன் மொழி தெரியாமல் மகளைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் போனான். சிலர் வீட்டுக்குள் சாந்தமானார்கள். சிலர் குடித்தார்கள். சிலர் இழந்த பேச்சையெல்லாம் இயக்க வேலையிலும் சங்கப் பதவிகளிலும் போய் மீட்டார்கள். அங்கே மேடையில் ஆண்கள், சமையலறையில் பெண்கள் என்ற பழைய ஒழுங்கு நீண்ட காலம் பத்திரமாக இருந்தது. பிள்ளைகளின் தலைமுறையில் அது உடைந்தது. 1988இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் நோர்வேக்குக் கொண்டுபோகப்பட்ட கம்சாயினி குணரத்தினம் 2015இல் ஒஸ்லோவின் துணை மேயராகி, 2021இல் நாடாளுமன்றத்துக்கும் போனார்.

இனிக் குருநகருக்குத் திரும்புவோம். இங்கே மாறாமல் நிற்கிற ஒன்று இருக்கிறது.

யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் வீடு பெண்ணுக்கு. மகன் கட்டிக்கொண்டு போய்விடுவான், மகளோடு வீடு இருக்கும், தாயும் அதிலேயே கண்மூடுவாள். கரையோரத்தில் இந்த வழக்கம் இன்னும் இறுக்கம். இதைக் கேட்கிற வெளியார், பெண்ணுக்கு எவ்வளவு நல்ல சட்டம் என்று வியப்பார்கள். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமை பெண்ணுக்குச் சொத்துக் கொடுக்கிறதுதான். அதன் மேல் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஒரு பூட்டையும் போட்டது: கட்டிய பெண் தன் பேரில் உள்ள காணியையோ வீட்டையோ விற்கவோ ஈடு வைக்கவோ புருசனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அவன் தன் காணியை விற்க அவளுடைய சம்மதம் தேவையில்லை. நூறு வருடம் தாண்டியும் அந்தப் பூட்டு அப்படியே கிடக்கிறது. வடக்கைச் சேர்ந்த தமிழருக்கு மதபேதமின்றி இந்தச் சட்டம் பொருந்துவதால் கத்தோலிக்கர் என்று குருநகர் தப்பிக்கொள்ளவும் முடியாது.

புருசன் பக்கத்துக் கடலில் நிற்கிறவரை இது ஒரு பிரச்சினையாகவே தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறேன். புருசன் தொண்ணூறுகளில் போனவர், அங்கே இன்னொரு குடும்பமாகிவிட்டார். விவாகரத்து எடுக்கவில்லை, கத்தோலிக்க வீடு, கோயிலில் கட்டியது. இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தது அவ. சீட்டுப் பிடித்து, கருவாடு போட்டு, தையல் தைத்து. மகளைப் படிப்பிக்க வீட்டுக் காணியின் பின்பக்கம் ஒரு துண்டை விற்க நொத்தாரிசிடம் போனா. உறுதி அவவின் பேரில், தாய் கொடுத்த சீதனம். நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: “அவர் ஒப்பம் வைப்பாரோ, அற்றோணித் தத்துவம் அனுப்புவாரோ?” அவர் இருபது வருடமாக ஒரு சதம் அனுப்பாதவர். இல்லையென்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம், சம்மதம் கிடைக்க வழியில்லை என்று காட்டினால் நீதிமன்றம் அனுமதிக்கும் என்று சொன்னார் நொத்தாரிசு. வழக்கறிஞர் காசு, தவணை, அலைச்சல். அக்கா யோசித்துவிட்டு மச்சாளுக்கு ரெலிபோன் எடுத்தா, மச்சாள் தமையனுக்கு எடுத்தா, அவர் கடைசியில் ஒப்பம் வைத்து அனுப்பினார். அதற்கு ஒரு விலையும் கேட்டார்: தாயின் செத்தவீட்டுச் செலவில் அக்கா பங்கு போட வேண்டுமாம். அவ போட்டா.

அந்த நொத்தாரிசு கெட்டவரில்லை, சட்டத்தைச் சொன்னார். நாட்டின் வீடுகளில் ஏறத்தாழ நாலில் ஒன்று பெண் தலைமை வீடு என்று 2016இன் கணக்கெடுப்பே சொல்கிறது. குருநகர் மாதிரி ஊர்களில் ஒழுங்கைக்கு ஒழுங்கை அப்படி வீடுகள். குடும்ப அட்டையில் அவள் தலைவி. பிள்ளையின் பள்ளிக்கூடத்தில், வங்கியில், கிராம சேவகரிடத்தில் அவள் கையெழுத்துச் செல்லும். புருசன் எங்கோ உயிரோடு இருக்கிறவரை, தன் வளவுக்குள் நிற்கும் தென்னைக்குக் கீழே இருக்கிற நிலத்துக்கு மட்டும் செல்லாது.

சீதனமும் குறையவில்லை. ஊர் மாப்பிள்ளைக்கு வீடும் நகையும் போதுமாயிருந்த இடத்தில், வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு டொனேஷன் என்று காசு ஏறியது. அங்கே சம்பாதிக்கிற பெண்ணைக் கட்டினாலும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பெண் உழைக்கத் தொடங்கினால் சீதனம் ஒழியும் என்று எழுபதுகளில் மேடையில் பேசியவர்களின் கணக்குப் பிழைத்தது. அண்ணன்மார் வெளிநாட்டில் உழைப்பதால் கேட்கிற தொகையும் வெளிநாட்டுக் காசில் நிர்ணயமாகிறது.

இப்போது பெண்ணே போகிற காலம். சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்கு. 2009க்குப் பிறகு வடக்கிலிருந்தும் இது பெருகியது. 2022இல் நாடு வங்குரோத்தானபோது, பதிவுசெய்து வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் அந்த ஒரே வருடத்தில் மூன்று இலட்சத்துக்கு மேல். கடற்றொழிலும் முன்போல் இல்லை. எண்ணெய் விலை ஏறிக் கிடக்கிறது, இந்திய றோலர்கள் வந்து வலையை வாரிக்கொண்டு போகின்றன, குருநகரின் சொந்த இழுவைமடித் தொழிலையும் 2017இன் சட்டம் தடை செய்தது. ஆக அவன் கரையில், அவள் கடல் தாண்டி.

ஆண் போனபோது வீட்டை மனைவி பிடித்தாள். பெண் போகிறபோது வீட்டை யார் பிடிக்கிறார்கள்? நான் பார்த்த வீடுகளில் அம்மம்மா. இல்லாவிட்டால் பெரியம்மா, அல்லது பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட மூத்த மகள். தகப்பன் சோறாக்கிப் பிள்ளைக்குத் தலை இழுத்து அனுப்புகிற வீடும் உண்டு, அதை அயல் முழுதும் கதைக்கும், ஏதோ அதிசயம் மாதிரி. பின்மார்க்கில் அதே ஊரானுக்கு வந்த கை இங்கே வராததற்குக் காரணம் குணமில்லை என்றே நினைக்கிறேன். அங்கே வேறு பெண் இல்லை, இங்கே எப்போதும் ஒரு பெண் இருக்கிறாள். அரசும் அதே மனசோடுதான் நடந்தது. 2013இல் கொண்டுவந்த குடும்பப் பின்னணி அறிக்கை, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாயைப் போகவிடாமல் மறித்தது. டொலர் தட்டுப்பாடான 2022இல் அந்த ஐந்து இரண்டாகக் குறைந்தது. பிள்ளையின் நலம் மூன்று வயது இளைத்துவிட்டது. தகப்பன் போனால் பிள்ளையைப் பார்ப்பது யார் என்று கேட்கும் படிவம் ஒன்று ஒருநாளும் அச்சடிக்கப்படவில்லை.

ஊரில் மிஞ்சிய கிழவிகளைப் பற்றியும் ஒரு சொல். மகளின் சீதன வீட்டில் மகளோடு கிடந்து சாக வேண்டியவள், மகள் ஒஸ்லோவில் இருக்க, அந்த வீட்டைக் காவல் காக்கிறாள். மாபிள் பதித்து, மேலே தண்ணீர்த் தாங்கி வைத்து, நாலு மூலையிலும் சீசீரீவி. ஒரு அம்மாச்சி சொன்னா, முற்றம் கூட்டாமல் விட்டால் மகள் அங்கிருந்து பார்த்துவிட்டு வட்ஸ்அப்பில் எடுத்து, “அம்மா சுகமில்லையோ?” என்று கேட்கிறாளாம். அன்பா, கண்காணிப்பா என்று நான் கேட்டேன். “ரெண்டும்தான் மோனை. என்ரை மாமியும் அப்பிடித்தான், கமரா இல்லாமல்.” அதே ரெலிபோன் மறுபக்கமும் வேலை செய்கிறது. இருபது வருடம் நோர்வேயில் சம்பாதித்த மருமகள் தலைமுடியை வெட்டலாமா, பேத்தி யாரோடு திரிகிறாள் என்பதற்கெல்லாம் குருநகர்த் திண்ணையிலிருந்து தீர்ப்புப் போகிறது.

இன்றைய இளம்பெண்கள் இந்த ஓட்டத்தை வெளியில் நின்று கணக்குப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிற, சொந்தச் சம்பளமுள்ள, அங்கே போன அக்காமாரின் கதையை இரவில் வீடியோவில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். அதோடு ஒரு எதிர்பாராத உதவி ஒஸ்லோவிலிருந்தே வந்தது. 2017 தொடக்கம், வெளியிலிருந்து துணையை அழைக்க இருவருக்கும் 24 வயதாக வேண்டும் என்று நோர்வே விதித்தது. கட்டாயக் கலியாணத்தைத் தடுக்கிற எண்ணத்தில் போட்ட விதி. இங்கே அது பத்தொன்பதில் பேசி இருபதில் அனுப்புகிற பழக்கத்துக்கு நாலைந்து வருடம் இடைவெளி வைத்துவிட்டது. அந்த இடைவெளிக்குள் பெண் கம்பஸை முடிக்கிறாள், வேலை எடுக்கிறாள், மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்துவிட்டு அவன் என்ன வேலை, முறை வேலையா, யாரோடு இருக்கிறான் என்று தானே விசாரிக்கிறாள். போகமாட்டேன் என்று சொல்கிறவளும் உண்டு.

அப்படிச் சொன்ன ஒருத்திக்கு 26 வயது, நிதி நிறுவனமொன்றில் வேலை. தாய்க்கு ஏக்கம். வீட்டை எழுதிவைத்தால் நல்ல இடம் வரும் என்று உறுதியை எடுத்துக்கொண்டு இருவரும் ஒரு சட்டத்தரணியிடம் போயிருக்கிறார்கள். அவர் முறைப்படி எல்லாவற்றையும் விளக்கினார்: நன்கொடை உறுதி எழுதலாம், பேர் பிள்ளையின் பேர்தான், கலியாணத்துக்குப் பிறகு விற்கிறதானால் புருசனின் சம்மதம் வேண்டும். பெட்டை குறுக்கிட்டிருக்கிறாள்.

“கட்டுறதுக்கு முதல் வித்தால் ஆற்றை ஒப்பம் வேணும் சேர்?”

“ஒருத்தற்றையும் வேண்டாம் பிள்ளை.”

தாய் உறுதியை வாங்கிச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்துவிட்டா. மகள் அதைத் தாய்க்குத் தெரியாமல் பிரதி எடுத்து வைத்திருக்கிறாள்.